குல்லாவுக்கு மேல் ஹெல்மெட்

ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மூன்று மணிக்கட்டுகள் என் மேசைக்கு வந்தன. மூன்றும் பதினாறு வயதைத் தாண்டாதவர்களுடையவை. மூன்றும் கட்டைவிரல் பக்கத்து எலும்பில், மணிக்கட்டுக்குச் சற்று மேலே முறிந்திருந்தன. கொடைக்கானலில் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. அதற்காக மதுரையில் படித்தவள். முறிவு எனக்குப் புதிதல்ல. குதிரையிலிருந்து விழுந்த சுற்றுலாக்காரர்கள், வாடகை சைக்கிளோடு ஏரிக்கரைச் சாலையில் சாய்ந்தவர்கள், பேரிக்காய் பறிக்க மரமேறி வழுக்கியவர்கள் என்று வாரம் முழுக்க வருவார்கள். அவர்கள் அழுவார்கள், அல்லது யாரையாவது திட்டுவார்கள். இந்த மூன்று பையன்களும் பெஞ்சில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏலே, எனக்கு ரெண்டு துண்டாம்."

"எனக்கு மூணுலே. நாந்தான் ஃபர்ஸ்ட்டு."

எங்கே விழுந்தீர்கள் என்று கேட்டேன்.

"விழலக்கா. இடிச்சாங்க," என்றான் மூன்று துண்டுக்காரன். "ஐஸ் ஹாக்கி."

கொடைக்கானலில் ஐஸ் கிடையாது. ஜனவரியில் புல்மேல் உறைபனி படியும். வெயில் ஏறினால் போய்விடும். அடுத்த ஞாயிறு நானே போய்ப் பார்த்தேன். சுற்றுலாப் பயணிகளுக்குச் சக்கரக் காலணி வாடகைக்கு விடுவதற்காக ஒருவர் கட்டிய சிமெண்டுத் தளம் அது. சீசன் இல்லாத மாதங்களில் ஞாயிறு காலைகளை அவர் பிள்ளைகளுக்கு விட்டிருந்தார். வாசலில் கட்டிய பேனரில் ஐஸ் ஹாக்கி என்றுதான் எழுதியிருந்தது. லீக்கை ஆரம்பித்தவர் ஒரு பள்ளியின் விளையாட்டு ஆசிரியர், எல்லோருக்கும் மாஸ்டர். கைபேசியில் ஐஸ் ஹாக்கி வீடியோக்களைப் பார்த்தே ஆட்டத்தைக் கற்றவர். சக்கரத்தில் ஆடும் ஹாக்கிக்குத் தனி விதிகள் உண்டு, அதில் உடம்பால் இடிப்பதற்குத் தடை உண்டு என்பதெல்லாம் அவருக்கும் தெரியும்.

"அது சப்புன்னு இருக்கும் மேடம்," என்றார். "இடி இல்லாட்டி இது பஜனை."

அன்று நான் பார்த்த ஆட்டத்தில் பஜனை எதுவும் இல்லை. ஒரு பையன் பந்தை விட்டுவிட்டு ஆளை மட்டும் குறிவைத்துத் தளத்தின் முழு நீளமும் ஓடி வந்தான். இடிபட்டவன் சுவரில் மோதி, தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து, இடித்தவனின் முழங்காலின் பின்பக்கத்தை மட்டையால் வெட்டினான். ஒருத்திக்கு உதடு கிழிந்தது. அவள் ரத்தத்தைத் துப்பிவிட்டு, துப்பிய இடத்தைச் சக்கரத்தால் தேய்த்துக்கொண்டே ஆடினாள். சுற்றி நின்ற அறுபது எழுபது பேரும், கேரட் மூட்டை இறக்கிவிட்டு வந்தவர்கள், டாக்சி ஓட்டுநர்கள், பெற்றோர்கள், ஒவ்வொரு மோதலுக்கும் கை தட்டினார்கள்.

ஆட்டம் முடிந்ததும் மாஸ்டரிடம் ஒரு விஷயத்தை மட்டும் சொன்னேன். ஐஸில் விழுகிறவன் வழுக்கிக்கொண்டு போகிறான். விழுந்த வேகம் அந்த வழுக்கலில் கரைகிறது. சிமெண்டில் விழுகிறவன் அங்கேயே நின்றுவிடுகிறான். வேகம் முழுவதும் எலும்புக்குள் இறங்குகிறது. நீங்கள் வீடியோவிலிருந்து இடியை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள், வழுக்கலை எடுக்கவில்லை என்றேன்.

அவர் யோசித்தார். "அப்ப என்ன பண்ணணும்னு எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தேன். பதினெட்டு வரிகள். அதற்குப் பிறகு இரண்டு பருவங்கள் அந்த லீக்கின் பாதுகாப்பு என் பொறுப்பு. பருவம் என்றால் மழை நின்ற டிசம்பர் கடைசியிலிருந்து சீசன் கூட்டம் ஏறும்வரை. ஜீப் பட்டறைகளில் பழைய டயர் வாங்கிச் சுவர் நெடுகக் கட்டினோம். பல்லுக்கு ரப்பர் கவசம். முழங்கால், முழங்கை, மணிக்கட்டு மூன்றுக்கும் கவசம். மட்டை நுனியில் சிராய் இருந்தால் மட்டை வெளியே. முதுகுக்குப் பின்னாலிருந்து இடித்தால் ஆள் வெளியே. தலையில் அடி வாங்கியவரிடம் நான் ஐந்து கேள்விகள் கேட்பேன். தடுமாறினால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. ஒவ்வொரு ஞாயிறும் ஆட்டங்கள் தொடங்குமுன் ஒவ்வொருவரையும் நிறுத்தி, மேலிருந்து கீழாகத் தொட்டுப் பார்த்து, தாளில் டிக் போடுவேன். ஹெல்மெட்டைத்தான் முதலில் பார்ப்பேன். இரண்டு கையாலும் பிடித்து ஆட்டுவேன்; ஆடினால் பின்பக்கத் திருகை இறுக்குவேன்.

"இதெல்லாம் மாட்டுனா புள்ளைக நடக்க முடியாதே மேடம்."

"நடக்க வேண்டாம் மாஸ்டர். உருண்டாப் போதும்."

இடியை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. நானும் டயரும் கவசமும் போதும் என்று நம்பிவிட்டேன். எலும்பு முறிவுகள் குறைந்தன. குறைந்ததைப் பார்த்து அதிக வேகத்தில் இடிக்க ஆரம்பித்தார்கள்.

நான்கு அணிகளிலும் அதிகம் இடிப்பவள் பூண்டி என்ற மலைக்கிராமத்திலிருந்து வந்த ஒரு பெண். பதினைந்து வயது. அப்பா பூண்டு பயிரிடுகிறவர், சொந்த ஜீப்பில் ஊர்க்காரர்களின் காய்கறியையும் ஏற்றி வருபவர். ஞாயிறன்று மூட்டைகளுக்கு மேல் உட்கார்ந்து அவளும் வருவாள். குட்டை, அகலத் தோள். தன்னைவிடத் தலை உயரமான பையன்களின் விலாவில் தோளைக் கொடுத்துத் தூக்குவாள். ஒருவனுடைய முன்பல் அவளால் போனது. அவனிடம் போய், "கவசத்தக் கடிச்சுக்கிட்டு ஆடுறா, சூயிங்கம்மு மாதிரி மெல்லாத," என்று அறிவுரை சொன்னாள். எல்லோரும் அவளைப் பூண்டிக்காரி என்பார்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள்.

இரண்டாவது பருவத்தில் அவளுக்கு மாநில அணித் தேர்வுக்கு அழைப்பு வந்தது. எங்கள் மலையிலிருந்து அவள் ஒருத்திக்குத்தான். அங்கே இடிக்கக்கூடாது என்பதற்காக மாஸ்டர் அவளை ஒரு மாதம் இடிக்கவே விடாமல் ஆடவைத்தார். தேர்வு அடுத்த ஞாயிறு. போகிறவர்களின் உடல்நிலை சரியாக இருக்கிறது என்று லீக்கின் பாதுகாப்புப் பொறுப்பாளர் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். படிவம் என் பைக்குள் இருந்தது. தேர்வுக்கு முன் நடக்கும் கடைசி ஆட்டம் முடிந்ததும் போட்டுத் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

அந்த ஆட்டத்தன்று காலை தளத்தைச் சுற்றிய புல் வெள்ளையாக இருந்தது. ஏழரைக்குப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினேன். எல்லோர் வாயிலும் புகை. எல்லோர் தலையிலும் கம்பளிக் குல்லா, காதுவரை, அதன்மேல் ஹெல்மெட். எங்கள் ஊரில் ஜனவரியில் குல்லா இல்லாமல் வெளியே வருகிற பிள்ளையைப் பெற்றவர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நான் ஒவ்வொரு ஹெல்மெட்டாகப் பிடித்து ஆட்டினேன். பூண்டிக்காரியின் குல்லா தடித்த உல்லன். ஹெல்மெட் அவளுக்கு இறுக்கமாக இருந்தது. வலிக்கிறது என்றாள். திருகைத் தளர்த்தி, மறுபடி ஆட்டிப் பார்த்து, அசையவில்லை என்று உறுதிசெய்து, டிக் போட்டேன்.

அவள் அணியின் ஆட்டம் பத்து மணிக்குத்தான். அதற்குள் பனி உருகி, வெயில் சுள்ளென்று ஏறியிருந்தது. காத்திருந்த பிள்ளைகள் குல்லாவைக் கழற்றிப் பெஞ்சில் குவித்துவிட்டு, வெறும் தலையில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். எல்லாம் என் கண்ணெதிரேதான் நடந்தது. நான் பந்தின் மேல் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஆட்டம் ஆரம்பத்திலிருந்தே கெட்டுப்போயிருந்தது. தேர்வுக்குப் போகிறவளை வீழ்த்துவது என்று எதிரணி முடிவு செய்திருந்தது. இரண்டு முறை அவளைச் சுவரோடு வைத்து நசுக்கினார்கள். மூன்றாவது முறை அவள் விலகிக்கொள்ள, வந்தவன் டயரில் மோதித் தலைகீழாக விழுந்தான். பார்வையாளர்கள் பக்கத்திலிருந்து ஒரு அம்மா, "அந்தப் பூண்டு மூட்டயக் குத்திச் சாய்டா," என்றாள். பூண்டிக்காரியின் அப்பா பதிலுக்கு அந்த அம்மாவின் வம்சத்தையே இழுத்தார்.

பந்து மூலைக்குப் போனது. அவள் குனிந்து எடுத்துத் திரும்பும்போது எதிரணியில் உயரமான ஒருவன் பக்கவாட்டில் வந்து இடித்தான். முதுகில் அல்ல, தோளில். விதிப்படி அது சரியான இடி. அவள் கால்கள் இரண்டும் தரையைவிட்டு எழும்பின. காற்றில் இருக்கும்போதே ஹெல்மெட் பின்னால் சரிந்து பிடரிக்குப் போனது. நெற்றி வெறுமையாகத் தெரிந்தது. அடுத்து நான் கேட்ட சத்தம் ஈரத் துணியைக் கல்லில் அறைந்த சத்தம் போல இருந்தது. அவள் வழுக்கவில்லை. விழுந்த இடத்திலேயே நின்றுபோனாள்.

நான் ஓடுவதற்குள் எழுந்துவிட்டாள். எழுந்தவள் நேராகப் போய், இடித்தவனின் முகத்தில் மட்டையின் கைப்பிடியால் இரண்டு முறை குத்தினாள். அவன் மூக்கிலிருந்து ரத்தம் அவள் சட்டையில் தெறித்தது. இரண்டு அணியும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. கையுறைகள் பறந்தன. ஒருவன் ஒருத்தியின் சடையைப் பிடித்து இழுக்க, அவள் அவன் விரலைக் கடித்தாள். மாஸ்டர் விசில் ஊதி ஊதி, கடைசியில் ஒரு பையனைக் காலரைப் பிடித்துத் தூக்கி எறிந்தார். நான் குவியலுக்குள் கையை விட்டு அவளை இழுத்து வந்து பெஞ்சில் உட்கார வைத்தேன்.

நெற்றியில் முட்டையளவு வீங்கியிருந்தது.

"ஒண்ணுமில்லக்கா. கேள்வியக் கேளுங்க. வெரசா கேளுங்க, எறங்கணும்."

கேட்டேன். இது எந்த இடம்? இன்றைக்கு என்ன கிழமை? இரண்டும் சரி. சரியாக மட்டுமல்ல, நான் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்தது. மூன்றாவது கேள்வி, ஆங்கில மாதங்களைப் பின்னாலிருந்து சொல்வது. ஏன் என்று தெரியாமலே அதைத் தாண்டி நான்காவதைக் கேட்டேன்.

"போன வாரம் யாரோட ஆடினீங்க?"

"டிசம்பர், நவம்பர், அக்டோபர், செப்டம்பர்," என்றாள். தட்டுத்தடங்கல் இல்லாமல் ஜனவரிவரை வந்து நிறுத்தி, சரிதானே என்பதுபோல என்னைப் பார்த்தாள்.

இரண்டு பருவங்களாக ஒரே ஐந்து கேள்விகள், ஒரே வரிசை. பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து ஒருவருக்கொருவர் ஒப்பித்துப் பழகியிருந்தார்கள். எத்தனை பேரை நான் அந்தப் பதில்களைக் கேட்டுத் திரும்ப இறக்கிவிட்டேன் என்று அன்றைக்குக் கணக்குப் பார்க்கவில்லை. பிறகு பார்த்தேன். ஒன்பது பேர்.

"காலையில என்ன சாப்ட்ட?"

அவள் தன் கையுறையைப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். பதில் அங்கே எழுதியிருக்கும் என்று நினைத்தவளைப் போல.

"நீ இனி ஆடல," என்றேன்.

மாஸ்டர் வந்தார். மூக்குடைந்தவனின் ரத்தம் அவர் கையில் இருந்தது. "இன்னைக்கு வெளிய வைங்க மேடம், சரி. ஆனா ஃபாரத்துல தலயில அடின்னு எழுதிராதீங்க. ஒரு வாரம் கெடக்கு, தேறிருவா."

"எழுதுவேன் மாஸ்டர். கையெழுத்தும் போட மாட்டேன். இந்த மூளைமேல ஒரு வாரத்துல இன்னொரு அடி விழுந்தா எழுந்திரிக்க மாட்டா."

அதற்குள் அவளுடைய அப்பா கம்பி வலைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். என்ன பேச்சு நடக்கிறது என்று அவருக்குப் புரிந்திருந்தது.

"ஏத்தா, நீ ஆசுபத்திரியில படம் புடிக்கிறவ. நீயென்ன டாக்டரா?"

"இல்லைங்க."

"பெறகு எம்புள்ள தலைக்குள்ள என்ன கெடக்குன்னு ஒனக்கு எப்பிடித் தெரியும்? கருக்கல்ல எந்திருச்சு மூணு வருசமா கூட்டியாறேன். ஒரு கையெழுத்து. அத நிப்பாட்ட நீ யாரு?"

"காலையில என்ன சாப்ட்டான்னு கேளுங்க."

"சோத்தக் கேட்டா ஆட்டம் வெளங்கும்? போட்டுக் குடு தாயி, ஒஞ்சோலியப் பாரு."

நான் பையிலிருந்து படிவத்தை எடுத்தேன். தகுதி இல்லை என்ற கட்டத்தில் பேனாவை வைத்தேன். மட்டை வருவது கடைக்கண்ணில் தெரிந்தது. இடது கையைத் தூக்கினேன். பூண்டிக்காரி முழுத் தோளையும் கொடுத்து அடித்திருந்தாள். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில், சுண்டுவிரல் பக்கத்து எலும்பு முறிந்தது. முகத்தை மறைக்கக் கை தூக்கியவர்களுக்கு உடைகிற எலும்பு அது. அடிதடியில் வருகிறவர்களிடம் நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது அடிக்கு ஓங்கினாள். மாஸ்டர் மட்டையைப் பிடித்துக்கொண்டார். அவள் அவர் வயிற்றில் சக்கரத்தோடு உதைத்தாள்.

"ஏய்," என்றார் அப்பா. "ஏய், என்னத்தா பண்ற."

அவள் அப்பாவை அடிக்கவும் கை ஓங்கினாள். ஓங்கிய கை பாதியில் நின்றது. குனிந்து சிமெண்டில் வாந்தி எடுத்தாள். மூன்று முறை. பிறகு உட்கார்ந்து, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, அமைதியான குரலில் அப்பாவிடம் கேட்டாள்: "அப்பா, மேட்ச் எப்ப ஆரம்பிக்கும்?"

அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் அவளைத் தூக்கினார்.

எங்கள் மருத்துவமனையில் டாக்டர் அவள் கண்ணில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, ஸ்கேன் எடுக்க உடனே மலைக்குக் கீழே கொண்டுபோகச் சொன்னார். என் கைக்கு அட்டை வைத்துக் கட்டினார். ஆம்புலன்ஸ் அப்போதுதான் வேறொரு நோயாளியோடு மலை இறங்கியிருந்தது. அது திரும்பும்வரை காத்திருக்கவில்லை. ஜீப்பின் பின்னால் மூட்டைகளைத் தள்ளி இடம் செய்தோம். அவள் தலை என் மடியில். உடையாத கையால் அது உருளாமல் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு வளைவிலும் என் முறிந்த எலும்பின் இரண்டு முனைகளும் உரசுவது தெரிந்தது. மேட்ச் எப்போது என்று அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். பாதி மலையில் கேட்பதை நிறுத்தினாள். நிறுத்தியதுதான் பயமாக இருந்தது. கன்னத்தில் அறைந்தேன். கண் திறக்கவில்லை, இன்னும் பலமாக அறைந்தேன். திறந்தாள்.

"அவள அடிக்காத தாயி," என்றார் அப்பா, ஸ்டியரிங்கிலிருந்து.

"அடிக்கணும்ங்க. நீங்க ஓட்டுங்க."

வத்தலக்குண்டு வரும்வரை அறைந்துகொண்டே வந்தேன். நெற்றியோடு அவள் கன்னமும் வீங்கியது.

கீழே பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் படத்தை டாக்டருக்கு முன்பே நான் பார்த்துவிட்டேன். மண்டையோட்டின் உள்பக்கம், வலது நெற்றியை ஒட்டி, மெல்லிய பிறை போல ரத்தம். அறுவை சிகிச்சை தேவைப்படாத அளவு. கூடவே வைத்துப் பார்க்கவேண்டிய அளவு. எட்டு நாள் அங்கேயே இருந்தாள். தேர்வு நடந்த ஞாயிறு அவள் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

சேர்த்த அன்றே மாலை வராந்தாவில் அவள் அப்பாவிடம் சொன்னேன். ஹெல்மெட்டை நான்தான் சரிபார்த்தேன். குல்லாவோடு சரிபார்த்தேன். கழற்றியபின் பார்க்கவில்லை. அது சரிந்ததற்குக் காரணம் அதுதான்.

அவர் என் பக்கம் திரும்பினார். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றும் நினைத்தேன்.

"வெள்ளனே குளுருதுன்னு குல்லாய நாந்தான் மாட்டிவிட்டேன்," என்றார். "வேணாம் வேணாம்னா. திட்டி மாட்டுனேன்." கொஞ்சம் கழித்து, "இனிமே அவ ஆடமாட்டா. அதோட விடு."

மலைக்குத் திரும்பியதும் என் கையை நான் பயிற்சி கொடுத்த பெண்ணே படம் எடுத்தாள். தகடு வைத்து ஆறு திருகாணி. மாஸ்டரிடம் நான் எதுவும் கேட்கவில்லை. அடுத்த பருவத்துக்கு முன்னால் அவரே பேனரை இறக்கினார். புதியதில் ரோலர் ஹாக்கி என்று எழுதினார். இடிக்கக்கூடாது. ஹெல்மெட்டை வெறும் தலையில்தான் பார்ப்பேன். தளத்தில் இறங்கும் வாசலில், இறங்கும் நிமிடத்தில். காலைச் சாப்பாட்டுக் கேள்வி ஒன்றைத் தவிர மற்றவற்றை ஒவ்வொரு வாரமும் மாற்றுகிறேன், எழுதிவைப்பதில்லை. கூட்டம் பாதியாகக் குறைந்தது. ஏழு பிள்ளைகள் விலகினார்கள். ஒருவனுடைய அப்பா போகும்போது, "இதுக்குப் பேசாம எம்மவன பரதநாட்டியத்துல சேத்துவிடலாம்," என்றார்.

பூண்டிக்காரி அந்தப் பருவத்தின் மூன்றாவது ஞாயிறு வந்தாள். கம்பி வலைக்கு வெளியே நின்றாள். நான் போய்ப் பேசினேன்.

"டாக்டர் ஒரு வருசம்னாரு. இந்த மாசத்தோட முடியுது," என்றாள். "அப்பா எப்பவும் கூடாதுங்குறாரு. நீங்க சொன்னா கேப்பாரு."

"சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"ஒன் படத்த நான் பார்த்திருக்கேன். அப்பா சரின்னாலும், இந்தக் கதவுல நிக்கிறது நான். விடமாட்டேன்."

அவள் வலைக்குள் விரல்களை விட்டுப் பிடித்துக்கொண்டாள். விரல் கணுக்கள் வெளுத்தன. என் இடது கையைப் பார்த்தாள்.

"எலும்பு கூடிருச்சா?"

"கூடிருச்சு."

"இன்னும் நல்லா அடிச்சிருக்கணும்."

சிரிக்கவில்லை. வேடிக்கைக்குச் சொன்னதாகவும் தெரியவில்லை. நான் என் இடத்துக்கு வந்தேன்.

அதற்குப் பிறகு ஞாயிறு தவறாமல் வருகிறாள். என்னோடு பேசுவதில்லை. தன் பழைய அணி ஆடும்போது வலையை உலுக்கிக்கொண்டு கத்துகிறாள். "விலாவுல குடுடீ. அவன் பாக்கல, இப்பக் குடு." போன வாரம் ஒருத்தி அந்தக் குரலைக் கேட்டு, விதியை மறந்து, தோளைக் கொடுத்து ஒருவனைச் சாய்த்தாள். வலைக்கு வெளியே பூண்டிக்காரி கைதட்டினாள். மாஸ்டர் விசிலை வாயில் வைத்தபடி என்னைப் பார்த்தார். நான் சாய்த்தவளை வெளியே வரச் சொன்னேன். விழுந்தவனின் தலையைப் பிடித்துக்கொண்டு, காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன்.

"ஒங்களுக்கு வேற கேள்வியே இல்லையாக்கா," என்றான். "இட்லி. நாலு. சட்னி இல்ல."

அவனைத் திரும்ப இறக்கினேன்.